‘நார்மல்’ என்று வந்த தாள்கள்

மூன்றரை மணி. மறுபடியும் விழிப்பு. கழுத்தடியில் தொடங்கிய அனல் காதோரம் ஏறி, நெற்றியில் வியர்வையாகத் துளிர்த்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கியது. நனைந்த நைட்டியை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் தோள்கள் நினைவுக்கு வந்தன. அடுத்து முழங்கை. அடுத்து இடுப்பு, தொடை, கெண்டைக்கால். ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன. வீட்டில் மற்ற எல்லோரும் தூங்குகிறார்கள்.

இந்த நோட்டை டாக்டர்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார். தினமும் வலி பத்துக்கு எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி என்று இரண்டு எண்கள் எழுதினால் போதும் என்றார். எண்களை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தை அப்படியே விட மனம் வரவில்லை.

வலி 6. தூக்கம், துண்டு துண்டாக, நான்கு.

*

ஃபைப்ரோமயால்ஜியா என்று சொன்னால் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார்கள். அதனால் அம்மாவின் சொற்களை எடுத்துக்கொள்கிறேன். கை குடைச்சல். கால் உளைச்சல். முதுகில் கடுப்பு. தோளில் பிடிப்பு. தோலுக்குக் கீழே எரிச்சல். அம்மாவுக்கு இவை ஒவ்வொன்றும் வேறு. குடைச்சலுக்குத் தைலம், உளைச்சலுக்கு யாராவது காலை மிதிக்க வேண்டும், கடுப்புக்கு வெந்நீர். எல்லாம் ஒரே நாளில் ஒரே உடம்பில் வந்தபோது அவளிடமும் சொல் இல்லை. “அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு” என்பாள். இந்த நோயைப் பற்றி நான் படித்த எந்த விவரிப்பும் இவ்வளவு நெருங்கி வந்ததில்லை. அடித்தவர் யாரும் இல்லை, காயம் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் உடம்பு, தான் அடிபட்டதாக உறுதியாகச் சொல்கிறது.

வலி ஒரு பங்குதான். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்காதவளாகவே எழுவது இன்னொரு பங்கு. பேச்சின் நடுவில், நன்றாகத் தெரிந்த ஒரு சொல் நழுவிப்போவது மூன்றாவது. நேற்று ‘அரிவாள்மனை’ வரவில்லை. கையால் காட்டினேன்.

நூறு பேரில் இரண்டிலிருந்து நான்கு பேருக்கு இது இருக்கிறதாம். பெண்களே அதிகம். என் தெருவிலேயே ஐந்தாறு பேராவது இருப்பார்கள். எந்தச் சன்னலில் இந்நேரம் விளக்கு எரிகிறது என்று சில இரவுகளில் பார்ப்பதுண்டு.

*

பீரோவில் நீல ஃபைல் ஒன்று இருக்கிறது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ருமட்டாய்டு ஃபேக்டர், ஏ.என்.ஏ., தைராய்டு, சர்க்கரை, தசை என்சைம், கழுத்து எக்ஸ்ரே. ஆறு வருடத் தாள்கள். எல்லாவற்றிலும் ‘நார்மல்’.

ஒவ்வொரு தாள் வந்தபோதும் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அன்பினால்தான். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ சுருங்கும். ஒரு எண்ணாவது கீழே இறங்கியிருக்கக் கூடாதா, ஒரு வரிக்குக் கீழாவது கோடு போட்டிருக்கக் கூடாதா என்று நினைத்திருக்கிறேன். நோய் வேண்டும் என்ற ஆசை அல்ல அது. வலிக்கு ஒரு சாட்சி வேண்டும் என்ற ஏக்கம்.

போன மாதம் மதினி வந்திருந்தாள். “உனக்கு ஹார்மோன் குறைஞ்சிருக்குடி. அதைக் கொடுத்தா எல்லாம் சரியாயிடும்” என்றாள். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகிறது எனக்கு. அவள் சொன்னதில் ‘சரியாயிடும்’ என்பதைவிட ‘குறைஞ்சிருக்கு’ என்ற சொல்தான் மனதில் தங்கியது. ஏதோ குறைகிறது, அவ்வளவுதான். குறைந்ததை ஊற்றி நிரப்பலாம். குடத்துக்குத் தண்ணீர் மாதிரி. எவ்வளவு இதமான எண்ணம்!

*

இந்த எண்ணம் வெறும் ஆசையில் பிறந்ததும் இல்லை. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1891இல் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண்ணின் முகம் ஊதி, தோல் வறண்டு, பேச்சும் நடையும் மந்தமாகிப்போயிருந்தன. சாறு உள்ளே போகப்போக அவர் பழைய மனுஷியாகத் திரும்பினார். இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1919இல், 74 வயதில் காலமானார். அவருக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் எடுக்கப்பட்டன.

இந்தக் கதையைப் படித்த இரவு நெடுநேரம் தூங்கவில்லை. ஒரு பெண் கண்ணெதிரே கரைந்துபோகிறாள். அவளிடம் இல்லாதது எது என்று ஒருவர் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். அவள் திரும்பி வருகிறாள். ஹார்மோன் சிகிச்சை என்று கேட்டதும் நம் மனம் துள்ளுவதற்கு அடியில் இருப்பது இந்தக் கதைதான். மரே காலத்தில் ‘ஹார்மோன்’ என்ற சொல்லே இல்லை. எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதை லண்டனில் ஓர் உரையில் சொன்னது 1905இல். தூண்டுவது, கிளப்புவது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1904இல், அதே லண்டனில் வில்லியம் கவர்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இடுப்பு வலியைப் பற்றிப் பேசும்போது ‘ஃபைப்ரோசைட்டிஸ்’ என்று ஒரு பெயர் வைத்தார். தசையைச் சுற்றியுள்ள நார்களில் அழற்சி என்பது அதன் பொருள். என் நோயின் பழைய பெயர் அது. பிறகு தேடித்தேடிப் பார்த்தார்கள், அந்த நார்களில் அழற்சி அகப்படவேயில்லை. பெயர் மட்டும் எழுபது வருடம் நின்றது.

*

இன்று மழை. உடம்பு கல். வலி 7.

*

ஒரு தகப்பனையும் மகனையும் பற்றி எழுத வேண்டும். சில நாட்களாக இவர்களே நினைவில் சுற்றுகிறார்கள்.

தகப்பன் பிலிப் ஷோவால்டர் ஹென்ச். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் மேயோ கிளினிக்கில் வாத நோய் மருத்துவர். 1929இல் ஒரு நோயாளி அவரிடம், மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து மூட்டு வலியே இல்லை என்றார். இன்னொரு மருத்துவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார். ஹென்ச் அதைக் குறித்துக்கொண்டார். கர்ப்ப காலத்திலும் மூட்டு வாதம் தணிவதைக் கவனித்தார். காமாலையிலும் கர்ப்பத்திலும் உடம்பு தானாகச் சுரக்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று நம்பி, அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயரிட்டு, ஏறக்குறைய இருபது வருடம் அதைத் தேடினார். அதே கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்திருந்த பொருள்களில் ‘ஈ’ என்பதைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று 1941இலேயே இருவரும் முடிவு செய்தார்கள். கொடுக்கும் அளவுக்குப் பொருள் சேர ஏழு வருடம் ஆனது.

1948 செப்டம்பர் 21. மூட்டு வாதத்தில் படுக்கையோடு கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு முதல் ஊசி. சில நாட்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு வந்தார். அந்த மருந்துதான் கார்ட்டிசோன். 1950இல் ஹென்ச்சுக்கும் கெண்டலுக்கும் சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்து நீடித்தபோது முகம் உருண்டது, சர்க்கரை ஏறியது, எலும்பு நொறுங்கியது, மனம் கலங்கியது. நிறுத்தினால் வலி திரும்பியது. மரேயின் நோயாளிக்கு நடந்ததுபோல இல்லாததை நிரப்பிய கதை இல்லை இது. உடம்பு ஒருபோதும் சுரக்காத அளவை ஊற்றித் தீயை அணைத்த கதை.

மகன் பிலிப் கேலர் ஹென்ச். அவரும் வாத நோய் மருத்துவர். 1976இல், அழற்சியைக் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ என்ற வாலை வெட்டிவிட்டு, வலி என்று மட்டும் பொருள்படும் ‘ஆல்ஜியா’வை ஒட்டி, ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்றார். நார், தசை, வலி. காரணம் எதையும் சொல்லாத பெயர். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத பெயர். நான் இந்தப் பெயரை நேசிக்கத் தொடங்கியது இதைப் படித்த பிறகுதான்.

தகப்பன் 1965இலேயே இறந்துவிட்டார். அழற்சித் தீயை அணைக்கும் ஹார்மோனைத் தந்தவர் அவர். தீயே இல்லாமல் சுடுகிற ஒரு நோய்க்குப் பெயர் சூட்டியது அவர் மகன். 1985இல் ஓரிகனில் இருபது நோயாளிகளுக்கு, கார்ட்டிசோன் குடும்பத்து மாத்திரையான பிரெட்னிசோனைத் தினமும் 15 மில்லிகிராமும், வேறொரு காலத்தில் வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு எப்போது எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. பிரெட்னிசோனால் ஒரு பயனும் தெரியவில்லை.

ஒரே வீட்டின் சாப்பாட்டு மேசையில் தகப்பனும் மகனும் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மகன் இளைஞனாக இருந்தபோது, படுத்த படுக்கையாய் இருந்தவர்கள் எழுந்து நடந்த செய்தியை அப்பாவின் வாயால் கேட்டிருப்பார். தன்னிடம் வந்த பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்க முடியாது என்று தெரிந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

*

மூன்று நாள் எழுதவில்லை. கை எழுத விடவில்லை.

*

கர்ப்ப காலத்தில் மூட்டு வாதம் தணியும் என்று தகப்பன் ஹென்ச் கண்டார் அல்லவா? நார்வேயில் 1997இல் என் நோய் உள்ள 26 பெண்களிடம் அவர்களுடைய 40 கர்ப்பங்களைப் பற்றிக் கேட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோருமே கர்ப்ப காலத்தில் வலி கூடியது என்றார்கள். கடைசி மூன்று மாதம் மிக மோசம் என்றார்கள். படித்ததும் என் இரண்டாவது பிரசவம் நினைவுக்கு வந்தது. எட்டாவது மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். “பிள்ளைத்தாச்சிக்கு இடுப்பு வலிக்கத்தானே செய்யும்” என்றார்கள். வலித்தது இடுப்பு மட்டும் இல்லை. சொல்லத் தெரியவில்லை அப்போது.

*

தூக்கத்தைப் பற்றி.

டொரொண்டோவில் ஹார்வி மொல்டோஃப்ஸ்கி 1975இல் செய்த சோதனை ஒன்று என்னை மிகவும் பாதித்தது. இந்த நோய் உள்ளவர்களின் ஆழ்ந்த உறக்கத்துக்குள், விழிப்பு நிலைக்கே உரிய ஆல்ஃபா அலைகள் ஊடுருவியிருப்பதை அவர் மூளை அலைப் பதிவில் கண்டார். தூங்குகிற வீட்டில் யாரோ விளக்கைப் போட்டு வைத்ததுபோல. பிறகு நோய் எதுவுமில்லாத ஆரோக்கியமானவர்கள் சிலரைத் தூங்க வைத்து, ஆழ்ந்த உறக்கத்தில் இறங்கும்போதெல்லாம் ஒலியெழுப்பி, எழுப்பிவிடாமல் மேலே மட்டும் இழுத்தார். சில இரவுகளில் அவர்களுக்கும் உடம்பு நொந்தது. தொட்டால் வலித்தது. தூங்க விட்டதும் சரியானது.

அந்த ஆழ்ந்த உறக்கத்தில்தான் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. பகலில் தேய்ந்த தசையைப் பழுது பார்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஓரிகனில், போர்ட்லண்டில், ராபர்ட் பென்னட் இந்த இரண்டையும் சேர்த்து யோசித்தார். உறக்கம் கெட்டால் ஹார்மோன் குறையும், ஹார்மோன் குறைந்தால் தசை நோகும். ரத்தத்தில் அந்த ஹார்மோனின் அடையாளமான ஐ.ஜி.எஃப்.-1 அளவை எடுத்துப் பார்த்தார். பல நோயாளிகளுக்குக் குறைவாக இருந்தது. கடைசியில் ஒரு தாளில் ஓர் எண் கீழே இறங்கியிருந்தது! அந்தப் பெண்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

1998இல் முடிவு வெளியானது. அந்த எண் குறைந்திருந்த 50 பெண்கள், ஒன்பது மாதம், தினமும் ஊசி. பாதிப் பேருக்கு வளர்ச்சி ஹார்மோன், பாதிப் பேருக்கு வெறும் ஊசி. ஹார்மோன் எடுத்து இறுதிவரை இருந்த 22 பேரில் 15 பேர் தேறினார்கள். வெறும் ஊசி பெற்ற 23 பேரில் 6 பேர். பலன் தெரியவே ஆறு மாதம் பிடித்தது. ஏழு பேருக்கு மணிக்கட்டு நரம்பு நெருக்குண்டு விரல்கள் மரத்தன. ஊசியை நிறுத்தியதும் வலி திரும்பியது.

பதினைந்து பேர். இந்த எண்ணை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். பதினைந்து பெண்கள் சில மாதங்களாவது நன்றாக எழுந்தார்கள். வெறும் ஊசியில் தேறிய அந்த ஆறு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் தங்கள் வலியைப் பொருட்படுத்திக் கேட்டதில் அவர்கள் உடம்பு எதையோ தளர்த்திக்கொண்டிருக்கலாம்.

ஆனாலும் பல வருட ஊசியின் செலவு, வீக்கம், சர்க்கரை பற்றிய அச்சம் எல்லாம் சேர்ந்து தராசை மறுபக்கம் சாய்த்தன. 2016இல் ஐரோப்பிய வாத நோய் அமைப்பான யூலார் சான்றுகளைத் திரட்டிப் பார்த்தபோது, வளர்ச்சி ஹார்மோனையும் கார்ட்டிசோன் வகை மருந்துகளையும் வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லும் பட்டியலில் வைத்தது.

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. எண் குறைந்ததால் வலியா, வலியும் கெட்ட உறக்கமும் நகராமல் கிடப்பதும் சேர்ந்து எண்ணைக் குறைத்தனவா? குளத்தில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று குடம் குடமாய்க் கொண்டுபோய் ஊற்றலாம். வரத்துக்கால் தூர்ந்துபோயிருந்தால், ஊற்றுவதை நிறுத்திய அன்றே குளம் பழைய நிலைக்கு வந்துவிடும்.

*

மற்ற ஹார்மோன்களை விரைவாக எழுதி வைக்கிறேன், மதினி அடுத்த முறை கேட்டால் சொல்ல.

டி.எச்.ஈ.ஏ. என்ற அட்ரீனல் ஹார்மோனை சுவிட்சர்லாந்தில் 2005இல், மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தினமும் 50 மில்லிகிராம் கொடுத்தார்கள். வலி குறையவில்லை, தோலில் எண்ணெய் வழிந்ததுதான் மிச்சம். டெஸ்டோஸ்டெரோன் ஜெல்லை அமெரிக்காவில் 12 பெண்கள் 28 நாள் தடவினார்கள். வலி சற்றுக் குறைந்தது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 12 பேரை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. தைராய்டு சரியாக இருப்பவர்களுக்கும் அந்த ஹார்மோனைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று ஜான் லோ என்பவர் வாதாடினார். தேவைக்கு மேல் தைராய்டு ஹார்மோன் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு மெலியும். உண்மையிலேயே தைராய்டு குறைந்தவர்களுக்கும் உடம்பு நோகும், அசதி வரும். ஆகவே எங்கள் வலியில் முதலில் அதைச் சோதிக்க வேண்டும், குறைந்திருந்தால் கட்டாயம் கொடுக்க வேண்டும். அது மரேயின் கதை. எனக்குக் குறையவில்லை.

மெலட்டோனின் பற்றிய சிறிய ஆய்வுகள் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. உறக்கத்தின் வழியாக வருவதாலோ என்னவோ.

*

ஈஸ்ட்ரோஜன் தனியாக எழுத வேண்டியது.

பெண்களுக்கே இது அதிகம் வருகிறது. மாதவிலக்கை ஒட்டி வலி ஏறி இறங்குகிறது என்று பலர் சொல்கிறார்கள். நிற்கிற வயதில் பலருக்குத் தொடங்குகிறது அல்லது தீவிரமாகிறது. அப்படியானால் ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றாதவர் யார்? ஸ்வீடனில் 2011இல் செய்து பார்த்தார்கள். மாதவிலக்கு நின்ற, இந்த நோய் உள்ள 29 பெண்கள். எட்டு வாரம். தோலில் ஒட்டும் பட்டை வழியே தினமும் 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடியால் ஒரு குழுவுக்கு, வெறும் பட்டை மற்றதற்கு. அவர்கள் சொன்ன வலியிலும் வித்தியாசமில்லை, சூடும் குளிரும் அழுத்தமும் வைத்து அளந்த வலியிலும் வித்தியாசமில்லை.

இதைப் படித்த அன்று அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

அதோடு 2002இன் அச்சம் வேறு. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த மகளிர் நல ஆய்வு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையால் மார்பகப் புற்றுநோய் கூடுகிறது என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது. உலகமெங்கும் ஏராளமான பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள். என் பெரியம்மா மகளும் எறிந்தாள். கணக்கைப் பிறகு நிதானமாகப் பார்த்தால், பத்தாயிரம் பெண்கள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டால் எட்டுப் புற்றுநோய் கூடுதல். பக்கவாதமும் எட்டு கூடுதல். இடுப்பெலும்பு முறிவு ஐந்து குறைவு. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதை ஒட்டியவர்களுக்கு, வியர்வையும் அனலும் வாழ்க்கையைக் கெடுக்கும்போது, தக்க பரிசோதனையோடு கொடுக்கலாம் என்ற இடத்துக்கு மருத்துவம் இன்று வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தம் உறைந்து கட்டியவர்களுக்கும் கூடாது.

*

ஒரு தனியார் நிலையத்துக்கு மதினியோடு போய் வந்ததையும் எழுதிவிடுகிறேன். உமிழ்நீரை ஒரு குப்பியில் வாங்கிக்கொண்டார்கள். ‘அட்ரீனல் களைத்துவிட்டது’ என்று பத்துப் பக்க அறிக்கை வந்தது. நிறையச் சிவப்புக் கோடுகள். ஆறு வருடம் நான் ஏங்கிய கோடுகள்! அதைக் கையில் பிடித்தபோது உண்மையாகவே மனம் நிறைந்தது. அப்படியொரு நோயை ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்புகள் ஏற்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. என் வலியை நம்பியது அந்தத் தாள் ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வலியை மறுபடி நான் மட்டும் தனியாக நம்ப வேண்டியிருந்தது. அந்த அறிக்கையையும் நீல ஃபைலிலேயே வைத்திருக்கிறேன்.

இப்படி ஏமாறுகிறவர்களை யாரும் முட்டாள்கள் என்று சொல்லக் கூடாது. வருடக்கணக்கில் ‘ஒன்றுமில்லை’ என்று கேட்டவர்களுக்கு ‘ஏதோ இருக்கிறது’ என்ற சொல் தண்ணீர்.

*

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“ஈஸ்ட்ரோஜன் கொடுத்தா இந்த வலி போகுமான்னு கேட்டீங்கன்னா, போகாதுன்னுதான் சொல்லணும். வலிக்காக அதைத் தர மாட்டேன்” என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, “ராத்திரி எத்தனை தடவை வேர்த்து எழுந்திருக்கிறீங்க?” என்றார்.

“நாலு, அஞ்சு.”

“அதுக்காகத் தரலாம்.”

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியில் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரே மருந்து, ஒரே உடம்பு. எதற்காகக் கொடுக்கிறோம் என்பது மட்டும் வேறு. வலியைப் போக்கும் என்ற வாக்குறுதியோடு வந்திருந்தால் எட்டு வாரத்தில் அது என்னைக் கைவிட்டிருக்கும். வியர்வைக்காக வந்தால் வியர்வையைப் பார்த்துக்கொள்ளும். வியர்வை நின்றால் உறக்கம் கொஞ்சம் நீளலாம். உறக்கம் நீண்டால், மொல்டோஃப்ஸ்கியின் தன்னார்வலர்களை நினைத்துக்கொள்கிறேன், தசைக்கு ஏதாவது நல்லது நடக்கலாம். நடக்காமலும் போகலாம்.

என் வலி எங்கிருந்து வருகிறது என்பதையும் அன்று விளக்கினார். 2002இல் அமெரிக்காவில் நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை லேசாக அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தார்களாம். மற்றவர்களுக்கு வலுவாக அழுத்தினால் விழித்துக்கொள்ளும் பகுதிகள் இவர்களுக்கு அந்த லேசான அழுத்தத்திலேயே விழித்துக்கொண்டன. “ரேடியோவில வால்யூம் ஏத்தி வச்ச மாதிரி” என்றார். “பாட்டு நிஜம்தான். சத்தம்தான் கூடிப்போச்சு.” மூளை பொய் சொல்லவில்லை, உரக்கச் சொல்கிறது. வீட்டுக்கு வந்து என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்பகப் பரிசோதனை எடுத்தார்கள். நார்மல். இந்த ஒரு முறை அந்தச் சொல்லை மனமாரக் கொண்டாடினேன்.

*

ஈஸ்ட்ரோஜன் ஜெல் வந்துவிட்டது. இரவு குளித்துவிட்டு முழங்கையிலிருந்து தோள்வரை மெல்லத் தடவி உலர விட வேண்டும். கருப்பை இருப்பதால் புரோஜெஸ்டெரோன் மாத்திரை ஒன்று, படுக்கும்போது. ஏற்கனவே எடுக்கும் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் அப்படியே.

தடவும்போது தோளைத் தொட வேண்டியிருக்கிறது. நெடுநாளாக அதை நான் தொட்டதே இல்லை. பகைவனைப் போல ஒதுக்கி வைத்திருந்தேன்.

*

யூலார் அமைப்பு அழுத்தமாக ‘செய்யுங்கள்’ என்று சொன்னது ஒன்றே ஒன்றுதான். உடற்பயிற்சி. மருந்து எதற்கும் அந்த அழுத்தம் கிடைக்கவில்லை. படுத்திருப்பவளிடம் எழுந்து நட என்றால் எவ்வளவு கோபம் வரும் தெரியுமா? எனக்கு வந்தது. “நடந்தா சரியாயிடும்” என்று சொன்ன எல்லோர் மீதும் வந்தது. அவர்கள் சொன்ன விதத்தில், நடக்காததுதான் என் குற்றம் என்று இருந்தது.

டாக்டர் சொன்ன விதம் வேறு. “மொட்டை மாடியில் அஞ்சு நிமிஷம். மறுநாள் வலி கூடினா மூணு நிமிஷம். கூடலைன்னா அஞ்சே இருக்கட்டும், ஆறு வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு ஆறு.” நல்ல நாளில் அதிகம் செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். நல்ல நாளில் வீடு முழுக்கக் கழுவி, துணிமணி எல்லாம் துவைத்துவிட்டு அடுத்த நான்கு நாள் விழுந்து கிடப்பது என் வழக்கம். நல்ல நாளில் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நடப்பதைவிடக் கஷ்டம்.

இப்போது ஏழு நிமிடம். தண்ணீர்த் தொட்டியிலிருந்து துளசி மாடம்வரை, திரும்பத் தொட்டிவரை. எதிர் வீட்டுப் பாட்டி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நேற்று, “முட்டி வலியாம்மா?” என்றார். இல்லை பாட்டி, உடம்பெல்லாம் என்றேன். “எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஒரு இருபது வருஷம்” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டுச் சன்னலையும்தான் அந்த இரவுகளில் பார்த்திருக்கிறேன்.

*

ஜெல் தொடங்கி ஏழாவது வாரம்.

மணி நாலு இருபது. விழித்தேன். நைட்டி நனையவில்லை. கழுத்தடியில் கை வைத்துப் பார்த்தேன், சாதாரணச் சூடுதான். பதினோரு மணிக்குப் படுத்தது, நடுவில் ஒரே ஒரு முறை எழுந்த ஞாபகம். தோள் இருக்கிறது. இடுப்பு இருக்கிறது. கெண்டைக்கால் இன்னும் எழுந்திருக்கவில்லை.

வலி 6. தூக்கம் 5, அதில் நான்கு ஒரே மூச்சாக.

தெருக்கோடியில் பால் வண்டி வருகிற சத்தம் கேட்கிறது. எழுந்திருக்கலாமா என்று பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் படுக்கிறேன்.